கோவளம் போய் வந்த ஜீப்

தாம்பரத்தில் மாலை மீட்டர்கேஜ் ரயிலில் இரண்டு மெக்கானிக்குகள் ஏறி, எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். காக்கிச் சட்டை போட்டவர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்:

“அந்த ஜீப்பு புது ஷெட்டுக்காரன் கையில சரியாவவே கூடாது மச்சான்.”

அதன் பிறகு என் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை.

“ஜீப்புக்கார சார் உன்ன வுட்டுட்டுப் புது ஷெட்டுக்குப் போனது போனதுதான். இன்னும் ஏன்டா வெந்துகினு கீற?”

“வளைவுல ஸ்டீரிங் கல்லு மாதிரி கீதாம். அவன் ஸ்டீரிங்கப் பிரிச்சான், டயர மாத்துனான். ஒண்ணும் வேலைக்கு ஆவல. கோவளம் மணல்ல நாலு வீலும் இழுக்கறதுக்கு சாரு அந்தச் சின்ன லீவரப் போட்டிருப்பாரு. தார் ரோட்டுக்கு வந்தும் அத்த எடுக்கல. நாலும் சேந்து இழுத்தா வளைவுல ஸ்டீரிங் எப்பிடித் திரும்பும்? அவ்ளோதான்.”

“அத்த சாராண்ட சொல்லேன்.”

“அவரு நேரா அவனப் போய்க் கேப்பாரு. அவன் லீவரத் தள்ளிட்டு, நான்தான் கண்டுபிடிச்சேன்னுவான்.”

“அப்ப வுடு. கியர் தேஞ்சு உடையட்டும்.”

வண்டலூர் வந்ததும் காக்கிச் சட்டைக்காரர் சட்டென்று எழுந்தார்.

“உன் வூடு ஊரப்பாக்கம் இல்ல? இங்க ஏன் எறங்குற?”

“சார் வூடு இங்கதான். ஜீப்பு வாசல்ல நிக்கும். அதுக்குக் கதவா கீது? லீவரத் தள்ளிட்டு வந்துடறேன்.”

“பேரு அவனுக்குத்தான்டா போவும்!”

“போவட்டும். அந்த கியர்பாக்ஸ் நான் பிரிச்சுக் கட்டுனது.”