கோயில் சீல்டு

அந்தோணியார் மேல சத்தியமா சொல்றேங்க, இதுல ஒரு எழுத்து பொய்யின்னா இந்த ரயிலு மொரப்பூர்ல நிக்காமப் போவட்டும். காலக் கொஞ்சம் அப்பிடித் தள்ளி வெச்சுக்குங்க, பையில ஒடையற சாமான் இருக்குது.

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்க ஊர்ல சவரின்னு ஒரு ஆளு. வாயத் தொறந்தா புளுகு. ஒறவான்னா கேக்கறீங்க? ரொம்ப நெருங்குன ஒறவுங்க. கொரோனாவுல, டீக்கடையில குந்திக்கிட்டு அவுரு அவுத்து வுட்டாரு பாருங்க: ஊசி போட்டா ஒடம்பு காந்தமாயிடுமாம். மாரண்டஹள்ளியில ஒருத்தன் முதுவுல பால் கேன் ஒட்டிக்கிச்சாம், மாடு பூட்டி இழுத்தும் வரலயாம். சிரிக்காதீங்க, ஊரே நம்பிருச்சு. நர்சு கனிமொழி ஐஸ் பெட்டியத் தூக்கிக்கிட்டு மூணு தடவ வந்துச்சு, மூணு தடவயும் வூட்டுக்கு வூடு பூட்டு. அம்மாம் பெரிய நிலக்காரரு பெரியண்ணன், புளியமரத்துல ஏறிட்டு எறங்கத் தெரியாம சாயங்காலம் வரைக்கும் மேலயே இருந்தாரு.

சவரி சிரிச்சு சிரிச்சு வவுறு வலியோட வூட்டுக்குப் போனா, அவுரு சம்சாரம் ஞானமேரியும் ஊசி வேணாம்னு உக்காந்திருக்குது.

அந்தம்மாவுக்கு வீசிங்குங்க. நாலு படி ஏறுனா நெஞ்சு விசிலடிக்கும். கொரோனா நோவு வந்தா தாங்காதுன்னு நர்சு சொல்லிட்டுது. அப்பத்தான் சவரிக்குச் சிரிப்பு நின்னுச்சு. நாப்பது வருசமா புருசன் பேச்ச நம்பாத பொம்பள, இத மட்டும் நம்பித் தொலைச்சிருக்குது. அது பொய்யி மேரின்னு கெஞ்சுனாரு. இப்பச் சொல்றதுதான் பொய்யின்னுட்டுது.

அவுரு வாயில உண்மை வெல போவுமாங்க? தெரிஞ்ச தொழிலயே செஞ்சாரு. நாலாந் தடவ நர்சு பள்ளிக்கூடத்துச் சொவத்துல நோட்டீசு ஒட்டுச்சு, கோவிஷீல்டு ரெண்டு டோசுன்னு. என்னா போட்டிருக்குதுன்னு சனம் கேட்டுச்சு. சவரி கண்ணாடியத் தொடச்சு மாட்டிக்கிட்டு, கோயில் சீல்டுன்னு படிச்சாரு. ரெண்டு ஊசியும் போட்டவங்களுக்குத் திருவிழாவுல மேடையேத்தி சீல்டு குடுப்பாங்களாம், கபடிக்குக் குடுக்கற மாதிரி, பேரு பொறிச்சு.

எந்தக் கோயிலுன்னு சொல்லல பாருங்க. எங்க சனம் அந்தோணியார் கோயிலுன்னுச்சு, பெரியண்ணன் சனம் மாரியம்மன் கோயிலுன்னுச்சு. விடிஞ்சா ரெண்டு வரிசை, ஒரே தள்ளுமுள்ளு. ஞானமேரிதான் மொத ஆளு. பேரச் சரியா எழுது பாப்பா, சீல்டுல தப்பா வந்துரப் போவுதுன்னு நர்சுக்கே உத்தரவு.

பொறவு அந்த நோவு ஞானமேரிக்கும் வந்துச்சுங்க. ஒரு வாரம் இருமுச்சு, எந்திரிச்சு உக்காந்துச்சு, எங்கய்யா என் சீல்டுன்னு புருசனுக்கு மூணாவது டோசு வுட்டுச்சு. கோடித் தெரு வரைக்கும் கேட்டுது. இத்தன வருசமாச்சு, அந்த டோசு மட்டும் தெனம் வுழுவுது.

ரயிலு நின்னுருச்சு பாத்தீங்களா, மொரப்பூர்தான். அந்தப் பைய எடுத்துக் குடுங்க, பாத்து, சேலத்துல ஞானமேரின்னு பேரு பொறிச்சு வாங்கியாறேன். கோயில் கமிட்டி இப்பத்தான் அனுப்புச்சுன்னு சொல்லிக்கலாம். அதோ பச்சச் சீல, இடுப்புல கைய வெச்சுக்கிட்டு நிக்குதே, அதான். நீங்க ஜன்னல்ல தலைய நீட்டாதீங்க. கேட்டா, சவரின்னு ஒருத்தரயும் நீங்க பாக்கல, யாரும் உங்ககிட்ட எதுவும் சொல்லல.