உள்கைப்பிடி

அன்று பட்டறையில் இருந்தவர்கள் நான், என் தம்பி, அவன் மனைவி, சம்மட்டி என்று நாங்கள் கூப்பிடும் இரும்பு அறுக்கும் ஆள், கதவைப் பார்க்க வந்த வங்கிக்காரர். வேறு யாரும் இல்லை. தாங்களும் கூட இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் எல்லோரும் அன்று விடுமுறையில் வீட்டில் இருந்தார்கள்.

இதை எழுதக் காரணம் ஒரு புத்தகம். வியாபாரத்தில் நல்ல வாய்ப்பைக் கோட்டை விட்டவர்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார். அதில் எங்கள் குடும்பத்துக்கும் சில பக்கங்கள் உண்டு. பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் தவறியிருக்கிறார். அதைத் திருத்துவது மூத்தவன் என்ற முறையில் என் கடமை.

நாங்கள் பெட்டக அறைகள் செய்தவர்கள். வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் ஆள் உள்ளே போய் நிற்கும்படி இருக்குமே, அந்த இரும்பு அறை. கதவை மூடியதும் பூட்டு தானே விழும். திறக்க இரண்டு சாவிகளையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். ஒன்று என்னிடம், மற்றது தம்பியிடம். மூன்றாவது சாவி செய்வதில்லை என்பது அப்பா வைத்த சட்டம். தீ புகாது, நீர் புகாது, காற்றும் புகாது என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தோம். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தம்பிக்கு மூளை அதிகம், நெஞ்சில் பலம் குறைவு. கொஞ்சம் புழுதி பட்டாலே இழுப்பு வந்துவிடும். உள்கைப்பிடியை யோசித்தவன் அவன்தான். தவறிப்போய் யாராவது உள்ளே அகப்பட்டால் உள்ளிருந்தே திறக்க ஒரு கைப்பிடி. மரத்தில் மாதிரிகூடச் செய்து வைத்திருந்தான். நான் வேண்டாம் என்றேன். உள்ளிருந்து திறக்கும் பெட்டகம், வாசலில் காவல் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைப்பது போல என்றேன். பேராசிரியர் என்னைக் குறை சொல்வது இதற்குத்தான். சொல்லட்டும்.

அந்த வங்கி தன் எல்லாக் கிளைகளுக்கும் கதவு வாங்குவதாக இருந்தது. கிடைத்தால் இன்னொரு தலைமுறைக்குக் குடும்பம் நிற்கும். அதனால் காலையில் அறையின் உட்புறம் புதுப் பெயின்ட் அடித்திருந்தோம். மதியம் வரை நெடி போகவில்லை. தம்பி கையில் சாக்பீஸோடு வந்தான்.

“அண்ணா, வர்றவர்கிட்ட கைப்பிடி பத்தி ஒரு வார்த்தை சொல்லிடறேன்.”

“சொன்னா, இதுவரைக்கும் நாம வித்ததெல்லாம் குறைன்னு ஆயிடும்.”

“குறைதானே.”

அவனே தொடர்ந்தான். “நாம செய்யலைன்னா எதிர்க் கம்பெனி செய்வான். என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்.”

“போ. அப்பா பேரையும் சேர்த்து அவன் வாசல்ல வித்துட்டு வா.”

சிரித்தான். “கோபத்துலயும் நல்லாத்தான் பேசறீங்க. ஒரு தடவை உள்ள நின்னு பாருங்கண்ணா. அப்புறம் பேசுங்க.”

“நீ நின்னு காட்டு.”

கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான். “இங்கதான் வரும்” என்றான். பிறகு உள்ளே போய் நின்றான். கதவு மூடியது.

அவன் சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

கதவு விழுந்த சத்தம் கேட்டு சம்மட்டி ஓடி வந்தான். “முதலாளி, பூட்டுப் பக்கமா அறுத்தா சீக்கிரம் திறந்துடலாம். அறுக்கற கேஸ் தயாரா இருக்கு.” அவன் சொன்னது சரிதான். ஆனால் அப்போது வங்கிக்காரரின் கார் வாசலில் வந்து நின்றது. வாங்க வருபவர் கண்ணெதிரே எங்கள் கதவை நாங்களே அறுத்துக் காட்டுவதா? அவர் போகட்டும் என்றேன். ஒரு டீ குடிக்கும் நேரம். நீங்கள் என் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள். சம்மட்டி எங்கள் உப்பைத் தின்றவன். வாயைத் திறக்கவில்லை.

டீ கொண்டுவந்தவள் தம்பி மனைவி. எங்கள் அலுவலகக் கடிதங்களை அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

“அவர் எங்க, அத்தான்? இங்கதானே இருந்தார்?”

“சாமான் வாங்கப் போயிருக்கான்.”

“இழுப்பு மருந்தை மேசைமேலயே வெச்சிட்டுப் போயிட்டாரே.”

“வந்திடுவான்மா.”

வங்கிக்காரர் நல்ல ரசிகர். கதவைத் தடவினார். விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். “அடேயப்பா, ஒரு சத்தமும் இல்லையே” என்றார். நன்றி சொன்னேன். திறந்து காட்ட முடியுமா என்றார். “தம்பி வரணும் சார். அவன் சாவி இல்லாம என்னாலயே திறக்க முடியாது. அதுதான் இதுல விசேஷம்.” அந்தப் பதில் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இன்னொரு டீ கேட்டார். எழுந்து புறப்படும்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது அவருக்கு.

“தப்பித் தவறி உள்ள யாராவது மாட்டிக்கிட்டா?”

“எங்க கதவுல அப்படி நடந்ததே இல்ல சார்.”

கார் போனதும் சம்மட்டி கதவை நோக்கிப் போனான். பின்சுவரை அறுக்கச் சொன்னேன்.

“அது தடிமன் முதலாளி. நேரம் பிடிக்கும்.”

“கதவுல கை வைக்காதே. அது அப்பா வார்த்தது.”

சுவர் விட்டதும் முதலில் பெயின்ட் நெடிதான் வந்தது. தம்பி கதவோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. கதவில் அவன் போட்ட வட்டத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் வழிக்கப்பட்டு இரும்பு தெரிந்தது. கைப்பிடி அங்கே இருப்பது போலவே பற்றிப் பார்த்திருக்கிறான்.

வங்கிக்காரர் அதே சந்தேகத்தை எதிர்க் கம்பெனியிலும் கேட்டார். அவர்கள் யோசித்தார்கள். ஆர்டர் அங்கே போனது. பிறகு உள்கைப்பிடி இல்லாத பெட்டகத்தை யாரும் சீந்தவில்லை. எங்கள் பட்டறை கொஞ்ச காலம் பீரோ செய்து பார்த்துவிட்டு மூடியது. பேராசிரியர் இதையெல்லாம் சரியாகவே எழுதியிருக்கிறார்.

தம்பி மனைவி இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறாள். வேளை தவறாமல் சோறு போடுகிறாள். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடமாட்டாள், அவ்வளவுதான். குளியலறைக் கதவுக்குக்கூட மரக்கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறாள். நானும் அதை எடுப்பதில்லை. முழங்கால் வலித்தாலும் லிஃப்டில் ஏறுவதில்லை. கதவு மூடியதும் மறுபக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்கிறது. எங்கள் அறையிலிருந்து சத்தம் வெளியே வராது. அன்றும் வரவில்லை. அதனால் எனக்குக் கேட்பது அவனுடையதாக இருக்க முடியாது.

இனி அந்தத் தவறு. கீல் தேய்ந்து தளர்ந்திருந்ததாகவும், காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொண்டதாகவும் பேராசிரியர் எழுதியிருக்கிறார். கடைத்தெருவிலும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். நானும் இத்தனை காலம் மறுக்காமல் இருந்துவிட்டேன். அச்சில் வந்த பிறகு அப்படி இருக்க முடியாது. அப்பா செய்த கதவு விட்ட இடத்தில் நிற்கும். காற்றுக்கு அசையாது. ஆள் தள்ளினால்தான் மூடும். தள்ளியவன் நான். கீலில் ஒரு குறையும் இல்லை.