ஆர்லன் வீட்டு வாசலில் கோடுகள்

கான்கிரீட் தரையை யார் கழுவினாலும் ஈரமாக இருக்கும்வரை நன்றாகத்தான் இருக்கும். காய்ந்த பிறகுதான் கோடு தெரியும். வக்கீல் வரும்வரை நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று போலீஸ்காரரான நீங்களே சொன்னீர்கள், மிஸ் ஒகாஸியோ. நன்றி. ஆனால் என் வக்கீலுக்கு இந்த விஷயத்தில் ஒன்றும் தெரியாது. அவர் தன் வீட்டு முன்னால் சரளைக் கல் கொட்டி வைத்திருக்கிறார்.

ஆர்லன் டக்கெட் என் எதிர்வீட்டுக்காரன். நல்ல மனிதன். எனக்குச் சிறுநீரகக் கல் வந்து தரையில் உருண்டபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனவன் அவன்தான். சிவப்பு விளக்கில்கூட நிறுத்தவில்லை. அவன்மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரிடாவில் வீடு வைத்திருப்பவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். மழைக்காலம் முடிந்தால் கார் ஏறுகிற கான்கிரீட் வாசலெல்லாம் பாசி பிடித்துக் கறுத்துப் போகும். எங்கள் தெருவில் ஆளாளுக்கு, எஞ்சின் வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற பிரஷர் வாஷரால் கழுவுவார்கள். ஆர்லன் போன வசந்தத்தில் தள்ளுபடியில் ஒன்று வாங்கினான். கூடவே ஒரு சுழல் தட்டு. கவிழ்த்து வைத்த பெரிய வாணலி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு கம்பி சுற்றும், அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் பீறிடும். தட்டைத் தரையில் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். மெதுவாக நடக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் முந்தின வரிசையின் பாதியை மிதித்துக்கொண்டு போக வேண்டும். ஆர்லன் ஒரு கையில் பீர் வைத்துக்கொண்டு, புல் வெட்டுகிறவன் போல விறுவிறுவென்று நடந்தான். நான் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

மாலையில் காய்ந்தது. வெள்ளை, சாம்பல், வெள்ளை, சாம்பல். தர்பூசணித் தோல் மாதிரி. திரும்புகிற இடங்களில் நின்று யோசித்திருக்கிறான் போல, அங்கங்கே வட்டம் வேறு.

நான் தெருவைக் கடந்து போய் மரியாதையாகத்தான் சொன்னேன். "ஆர்லன், வரிசைக்கு நடுவுல இடம் விட்டிருக்கே. சனிக்கிழமை நானே வந்து சரி பண்ணிக் குடுக்கறேன்."

அவன் இடுப்பில் கை வைத்துத் தன் வாசலைப் பார்த்தான். "ஏன்டா, கால்பந்து மைதானம் மாதிரி அழகா இருக்கே. எனக்குப் புடிச்சிருக்கு."

"அது கோடுடா."

"உன் கண்ணுலதான் கோடு இருக்கு நாரிஸ். போ, போய் ஒரு பீர் எடுத்துக்கோ."

நான் பீர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆரஞ்சுச் சாறு ஆலையில் முழு உத்தியோக காலமும் தரம் பார்த்தவன் நான். பிசகான ஒன்றைக் காட்டி "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று சொன்னால் அது சரியாகிவிடாது. ஆனாலும் அவன் வாசல், அவன் உரிமை. நான் சாப்பாட்டு மேசையைத் திருப்பிப் போட்டேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். முதுகில் உறைத்தது. திரை வாங்கி மாட்டினேன். என் மனைவி லொரெட்டா தைத்த திரையாக இருந்தால் பரவாயில்லை, கடையில் அவசரமாக வாங்கினது. அதில் கோடு போட்டிருந்தது. அதைக் கழற்றிவிட்டேன்.

லொரெட்டா இப்போது ஜார்ஜியாவில் தங்கையோடு இருக்கிறாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவள்தான் சம்பந்தம் இருப்பதாகச் சொல்கிறாள்.

மழையில் எல்லாம் ஒன்றாகக் கறுத்துவிடும் என்று நம்பி இருந்தேன். பொறுமையாகத்தான் இருந்தேன். ஆனால் சரியாகக் கழுவாத இடத்தில்தானே பாசி முதலில் ஏறும். சாம்பல் பட்டையெல்லாம் பச்சையாகிவிட்டது. வெள்ளைப் பட்டை வெள்ளையாகவே நின்றது. அது பத்தாதென்று ஆர்லன் அதை ஊர் வேடிக்கையாக்கினான். தெருவில் யாராவது போனால் கூப்பிட்டு, "கோட்டை மிதிக்காம வாங்க, நாரிஸுக்கு நெஞ்சு வலிக்கும்" என்பான். அவர்களும் சிரித்துக்கொண்டே ஒரு காலால் தாண்டித் தாண்டிப் போவார்கள். நானும் சிரித்தேன். தெருவில் என்னைப் பற்றி விசாரித்தால் அதைச் சொல்வார்கள், எப்போதும் சிரித்த முகம் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்லனின் மனைவி பாலெட்டின் கார் தேவாலயத்துக்குப் போவதைப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். ஆர்லனின் லாரி நின்றது, உண்மைதான். அதைச் சுற்றிக்கொண்டுதான் என் குழாயை இழுத்துப் போனேன். ஆனால் லாரி நிற்கிறது என்றால் ஆள் இருக்கிறான் என்று கட்டாயமில்லையே.

முதலில் மருந்து தெளிக்க வேண்டும். ப்ளீச்சும் சோப்பும் தண்ணீரும் கலந்தது. மருந்து பாசியைக் கொன்றால்தான் பின்னால் தட்டுக்கு வேலை சுலபம். ஊறட்டும் என்று விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆனால் காயவிடக் கூடாது. காய்ந்தால் அதுவே ஒரு கறை. அந்த நேரத்தில் தரை வெண்டைக்காய் நசுக்கின மாதிரி வழுக்கும்.

ஆர்லன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். ரப்பர் செருப்பு, கையில் காபிக் கோப்பை. முதலில் சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது.

"என் வாசல்ல என்னடா பண்றே?"

"அங்கேயே நில்லு ஆர்லன்," என்றேன்.

அவன் விழுந்துவிடுவானே என்று எச்சரித்தேன் என்றுதான் முதல் நாள் உங்களிடம் சொன்னேன். யோசித்துப் பார்த்தால், மருந்தில் செருப்புத் தடம் பதியும் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒரே வார்த்தைதான். கேட்டிருந்தால் இரண்டுக்கும் பலன் கிடைத்திருக்கும். அவன் கேட்கவில்லை. நேராக என்னை நோக்கி நடந்தான். நடுவில் கால் பறந்தது. பின்னந்தலை முதலில் தரையைத் தொட்டது.

சத்தம் பெரிதாக இல்லை. கோப்பை உடைந்த சத்தம்தான் பெரிது.

நான் எஞ்சினைக் கிளப்பியிருக்கவில்லை. உடனே அவனிடம் போனேன். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போய்ப் புல்லில், ஓக் மரத்து நிழலில் படுக்க வைத்தேன். இலை வழியாக வெயில் விழுந்ததால் என் தொப்பியைக் கழற்றி அவன் முகத்தில் வைத்தேன். எனக்கே அன்றைக்குத் தலை சுட்டுவிட்டது, இதோ தோல் உரிந்திருக்கிறது பாருங்கள்.

பிறகு கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கினேன். ஒரு சில்லு உள்ளே போனால் தட்டு வீண். ரத்தம் கொஞ்சம் இருந்தது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்தான், அதுவும் உடனே. வெந்நீர் ஊற்றினால் கறையைக் கான்கிரீட் குடித்துவிடும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

நீங்கள் அப்படிப் பார்க்கிறீர்கள். அந்தச் சமயத்தில் என் முன்னால் இருந்ததைச் சொல்கிறேன். முழுத் தளத்திலும் மருந்து ஊறிக்கொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது விட்டால் கோட்டுக்கு மேல் திட்டுத் திட்டாகக் கறையும் சேரும், பிறகு ஆண்டவனே வந்து கழுவினாலும் போகாது. ஆர்லன் நிழலில் சௌகரியமாகப் படுத்திருந்தான். இரண்டில் எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்று நான் நிதானமாக எடைபோட்டுப் பார்த்தேன். பதற்றத்தில் செய்த காரியம் என்று என் வக்கீல் எழுதப் போகிறார். பதற்றமே இல்லை.

எஞ்சினைக் கிளப்பினேன். நீளவாக்கில் ஒரு தடவை, பாதிக்குப் பாதி மிதித்துக்கொண்டு. திரும்பும்போது நிற்காமல், தட்டைப் புல்லோரமாக வளைத்துக்கொண்டு. பிறகு குறுக்குவாக்கில் இன்னொரு தடவை. அப்புறம் அலசி, கடைசியாக லேசாக மருந்து தெளித்தால், விட்டுப்போன நிழலெல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். அந்தக் கடைசித் தெளிப்பைத்தான் எல்லாரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. எஞ்சின் சத்தத்தில் எனக்கு வேறெதுவும் காதில் விழாது.

நான் குழாயைச் சுருட்டும்போது பாலெட் வந்தாள். காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கினாள். வெயில் பட்ட பக்கமெல்லாம் அதற்குள் காய்ந்து, புதுத் தாள் மாதிரி வெளுப்பாக இருந்தது.

"அடேயப்பா, நாரிஸ். கடைசில அவரைச் சம்மதிக்க வச்சுட்டீங்களா?"

"ஆமா."

"ரொம்ப நல்லா வந்திருக்கு. எனக்கும் அந்தக் கோடு புடிக்கவே புடிக்காது. அவர்கிட்ட யாரு சொல்றது?"

இந்த வார்த்தையை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் பாதிப் பேர் என் கட்சி.

அவள் டோனட் டப்பாவோடு இறங்கினாள். "இன்னும் முழுசா காயல, புல் ஓரமா வாங்க," என்றேன். குதிகால் செருப்பு மண்ணில் புதையப் புதைய, பாவம், புல்மேலேயே நடந்து வந்தாள். மரத்தடியில் கணவனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"தூங்குறாரா?"

"படுத்திருக்கார்."

அவள் குனிந்து தொப்பியை எடுத்தாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். டப்பா கையிலிருந்து நழுவியது. அப்போதும் அது புல்லில்தான் விழுந்தது, தளத்தில் இல்லை. அவளுக்கும் அந்தத் தளத்தின்மேல் அக்கறை இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மண்டைக்குள் மெல்ல ரத்தம் கசிந்திருக்கிறது, சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் மறுக்கவில்லை. அடக்கத்துக்குப் போக எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. கார்களெல்லாம் அந்த வாசலில் ஏறி இறங்கியிருக்கும். டயர் தடத்துக்கு வேறு மருந்து, பாலெட்டிடம் யாராவது சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள். அப்போதிருந்து அந்தப் பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறீர்கள், கேளுங்கள்.

"எஞ்சின் நடுவுல ஒரு தடவை நின்னு திரும்பக் கிளம்புச்சுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க, மிஸ்டர் விட்லோ."

பக்கத்து வீட்டு அம்மாள் சொல்வது சரி. நின்றது. நான்தான் நிறுத்தினேன். நீளவாக்கில் பாதி தாண்டியிருப்பேன், தட்டின் சத்தம் மாறியது. ஒரு முனையில் மணல் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் சத்தம் வரும். ஒரு முனை மட்டும் பீய்ச்சினால் என்ன வரும் சொல்லுங்கள். கோடுதான் வரும். ஆர்லன் செய்த தப்பையே நானும் செய்தால் அப்புறம் இத்தனைக்கும் என்ன அர்த்தம்? நிறுத்தி, தட்டை மல்லாத்தி, அடைத்த முனையைத் திருகி எடுத்து ஊசியால் குத்திக்கொண்டிருந்தேன். தெருவே அமைதியாக இருந்தது.

"நாரிஸ்," என்று தொப்பிக்கு அடியிலிருந்து கூப்பிட்டான். தெளிவாகத்தான் கூப்பிட்டான். "தலை ஒரு மாதிரி இருக்குடா. யாரையாவது கூப்பிடு."

போன் என் சட்டைப் பையில் இருந்தது. நான் தளத்தைத் திரும்பிப் பார்த்தேன். கராஜ் பக்கம் மருந்து காய ஆரம்பித்திருந்தது. நீளவாக்கில் பாதியும், குறுக்குவாக்கில் முழுசும் பாக்கி இருந்தது.

"கொஞ்சம்தான் பாக்கி, ஆர்லன்," என்றேன். "முடிச்சிட்டுக் கூப்பிடட்டுமா? அதுவரைக்கும் காத்திருக்க முடியுமா?"

கேட்காமல் செய்கிறவன் இல்லை நான். முனையைத் திரும்பத் திருகி முடிக்கும்வரை அவன் பதிலுக்காக நின்றேன். முடியாது என்று அவன் சொல்லவில்லை.