மூணு தகரம்

தாம்பரத்திலிருந்து பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே ஒரு துப்புரவு மேஸ்திரியும் அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கொரோனாவுல எங்க வூட்டு வாசலுக்கே நான்தான் தகரம் அடிச்சேன்” என்றார் மேஸ்திரி.

“அக்காவ உள்ள வச்சா? வேற ஆளே கிடைக்கலியாண்ணா?”

“தெருவுல யாருக்கு கொரோனான்னாலும் நான்தான் அடிச்சேன். எம் பொண்டாட்டிக்கு வந்தப்ப வுட்டுட்டா ஊர் சும்மா இருக்குமா? அடிச்சிட்டு ஆபீஸ்லயே படுத்துக்கினேன்.”

“அக்கா ஒண்ணும் சொல்லலியா?”

“பதினாலாம் நாள் பிரிச்சப்பதான் வாயத் தொறந்தா. ‘எல்லார் வூட்டுக்கும் ரெண்டு தகரம், நமக்கு மட்டும் இன்னாத்துக்கு மூணு?’ன்னா.”

“இன்னாத்துக்குண்ணா?”

“தெருவே வேடிக்க பாத்துக்கினு இருந்துச்சும்மா.”

அந்தப் பெண் சிரித்துவிட்டார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

“இந்த மாசத்தோட ரிட்டையர்டு. இனிமே நாள் பூரா அவகூடத்தான். இன்னிக்கும் கதவைத் தட்டினா, ‘தகரத்தைப் பிரிச்சிட்டு வா’ன்றா.”

“அக்கா தமாசுக்குச் சொல்றாங்கண்ணா.”

“மூஞ்சியப் பாத்தாத்தானே தெரியும்? தாப்பாள எடுத்துட்டு, திரும்பிக்கினு உள்ள போய்டறா.”