மருந்தறைக் கதவில் என் பெயர்

இந்த வாக்குமூலத்தைத் தரும் என் பெயரும் முகவரியும் மேலே குறித்தபடியே. வயது முப்பத்தொன்று. மருத்துவமனையில் செவிலியர். அண்ணன், அண்ணியுடன் வசிக்கிறேன்.

மருந்தறையில் வலி மருந்துக் குப்பிகள் காணாமல் போன அன்று காலை, வாசல் கதவில் என் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தேன். அதே நிமிடம் மூன்றாம் மாடியில் மருந்தறைக் கதவையும் நானே திறந்ததாகக் கணினிப் பதிவு சொன்னது. விசாரிக்க வந்த காவல் ஆய்வாளர், "கால்ல சக்கரம் கட்டியிருக்கீங்களா சிஸ்டர்?" என்று கேட்டார். அதன் பிறகு என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அண்ணி என் சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாற்காலியில் மாட்டிவைத்தார். தினமும்.

அதன் பிறகு, பதிவு சரிதான் என்று சான்று தர, கதவுகளுக்கான கணினி நிரலை சி மொழியில் எழுதிய பெண் வந்தார். அவர் மருந்தறையில் தன் அட்டையைக் காட்டியதும் நான் வாசலில் காட்ட வேண்டும். பலமுறை செய்தோம். பெயர்கள் சரியாகவே விழுந்தன. கணினி அறையில் அவருடைய மேலாளர் தொலைபேசியில் பேசியது எனக்கும் கேட்டது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு? கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பும்மா."

"இன்னும் ஒரே தடவை சார்" என்று சொல்லி அந்தப் பெண் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அதன் பிறகு என்னிடம், "வேவு பாக்க நிரலுக்கு நடுவுல ஒரு வரி சேர்த்தேன் சிஸ்டர், ஒவ்வொரு பேரையும் திரையில காட்டுற மாதிரி. அதைப் பாத்துத்தான் பிழை ஒளிஞ்சுக்குதோ என்னவோ" என்று சொல்லி, அந்த வரியை நீக்கினார். மறுபடி கதவுகளுக்குப் போனோம்.

மருந்தறையைத் திறந்தவர் அவர். பதிவில் விழுந்தது என் பெயர்.

முன்பு என்னை வீட்டுக்கு அனுப்பிய அதே பதிவு. இம்முறை பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தேன்.

நிரல் பெயரை நகலெடுக்காமல், நினைவகத்தில் அது இருந்த இடத்தை மட்டும் சுட்டி வைத்திருந்ததாம். பதிவதற்கு முன்பே அந்த இடத்தைக் காலி செய்ததால், அடுத்து வந்த என் பெயர் அங்கே குடியேறியதாம். வேவு வரி இருந்தால் என் பெயர் வேறிடம் போய்விடுமாம். "தப்பு என்னோடது சிஸ்டர். எழுதிக் குடுத்துடறேன்" என்றார். கொடுத்தார்.

அன்று கதவைத் திறந்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. சந்தேகத்தில் யார் பெயரையும் சொல்ல மாட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு என் நன்றியையும் எழுதச் சொன்னேன். "இதுல அதெல்லாம் வராதும்மா" என்றார் இதை எழுதும் எழுத்தர். வற்புறுத்தினேன்.

படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னபடியே, உண்மையாக உள்ளது. நன்றியும் இருக்கிறது.

(கையொப்பம்)