பந்துக்காரன்

கிட்ட வாங்க கண்ணுகளா. இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் ஃபேன் காற்று வரும். பழைய கார் எடுக்கப் போகிறோம், மேரி ஆண்ட்டியைக் கேட்டால் நாலு காசு மிச்சமாகும் என்று யாரோ சொல்லி வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். கூடவே ஒரு கதையும் சொல்கிறேன். பாதியில் எழுந்து போகாமல் கேட்க வேண்டும், அதுதான் எனக்குக் கூலி.

காரில் மிச்சம் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. வாரம் ஒருமுறை டயரில் காற்றுப் பார்த்தால் பெட்ரோல் குறையும். நிதானமாக மிதித்து ஓட்டினால் இன்னும் குறையும். வாங்கும்போது டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வெல்டிங் தழும்பு தெரிந்தால் அது பின்னால் இடி வாங்கிய வண்டி. இதெல்லாம் எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் தேவசகாயம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். சாப்பிடும்போது அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டேன். அவர் போன பிறகு இந்தத் திருமுல்கேரியில் பதினோரு குடும்பத்துக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டாவது வண்டி என் மகள் ஜெஸ்ஸிக்கு.

மாப்பிள்ளை ஃபெலிக்ஸ் புது வண்டியே எடுக்கலாம் என்றான். நான்தான் விடவில்லை. ஜெஸ்ஸிக்கு சைனிக்புரியில் பள்ளிக்கூட வேலை. தினமும் போக வர அவ்வளவு கிட்டத்துக்குப் புது வண்டி எதற்கு? அம்மா பார்த்து எடுத்தால் சரி என்றான் அவனும். தாய் இல்லாமல் விடுதியில் வளர்ந்த பிள்ளை. கல்யாணமான அன்றிலிருந்து என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான்.

வெள்ளை வண்டி, ஐந்து வருடம் ஓடியது, ஒரே ஆள் கையில் இருந்தது. விலையும் படிந்தது. குறை ஒன்றே ஒன்று. சாவியைத் திருப்பினால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரியும், அணையாது. ஒரு ஆள் உட்கார்ந்து, மடியில் பெரிய பந்து வைத்திருப்பது போல ஒரு படம்.

சௌம்யா, நீ போனில் சொன்னாயே, வண்டி நன்றாக இருக்கிறது, ஒரு சிவப்பு லைட் மட்டும் எரிகிறது, மெக்கானிக் சின்னச் செலவில் அணைத்துவிடலாம் என்கிறார் என்று. அந்த ஆள்தான் இவன்.

பாலாநகரில் ஷெட் வைத்திருந்த வெங்கட்டிடம் கொண்டுபோனேன். அவன் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, முன்பே எங்கோ மோதி ஓட்டுகிறவர் பக்கத்து ஏர்பேக் வெடித்துவிட்டது, உள்ளே காலி, மேல்மூடி மட்டும் புதுசாக ஒட்டி விற்றிருக்கிறார்கள் என்றான். புதுப் பை போட ஆகும் செலவைச் சொன்னான். அந்தக் காசில் இரண்டு வருடம் பெட்ரோல் போடலாம். வேறு வழி இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றான் தயங்கி. சீரகம் அளவில் ஒரு துணுக்கு. அதை ஒயரில் வைத்துவிட்டால் பை இருப்பதாக வண்டி நம்பிக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும்.

"நக்கோ ஆண்ட்டி, வேண்டாம்," என்றான் உடனே. "பாப்பா ஓட்டுற வண்டி."

நான் கோபப்படவில்லை. பொறுமையாகப் பேசினேன். அவள் நாற்பதுக்கு மேல் போகமாட்டாள். அவள் அப்பா முப்பது வருடம் ஸ்கூட்டர் ஓட்டினார், எந்தப் பையும் இல்லை. வெடித்தால்தானே அந்தப் பொருளுக்கு வேலை. வெடிக்கவே போகாததற்கு ஏன் இவ்வளவு விலை? அரைமணி நேரத்தில் அவனை ஹவ், சரி என்று சொல்ல வைத்தேன். மிச்சமான காசில் பிஸ்கட் நிறத்தில் சீட் கவர் போட்டேன். ஜெஸ்ஸிக்கு அது ரொம்பப் பிடித்தது.

பந்துக்காரன் என்று பெயர் வைத்தது அவள்தான். சாவியைத் திருப்புவாள், சிவப்பு ஆள் வருவான், சில நொடியில் போய்விடுவான். "பந்துக்காரர் வந்தாரு, எல்லாம் பத்திரம்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. கிளம்பலாமாம்மா?" என்பாள். நான் பின்சீட்டில் உட்கார்ந்து சிரிப்பேன். பதினான்கு மாதம் அப்படிச் சிரித்திருக்கிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து எனக்கு முழங்கால் வலி என்று முன்னாடியே ஆட்டோவில் வந்துவிட்டேன். ஃபெலிக்ஸுக்குத் தலைவலி, நீ ஓட்டு என்று அவளிடம் சாவியைக் கொடுத்திருக்கிறான். வளைவு தாண்டினதும் நடுரோட்டில் ஒரு தண்ணீர் லாரி நின்றிருக்கிறது. பெரிய வேகம் இல்லை என்று போலீஸ்காரரே சொன்னார். பெல்ட்டும் போட்டிருந்தாள். ஆனால் என்னைப் போல் குள்ளம் அவள், ஸ்டீயரிங்கை நெஞ்சு ஒட்டுகிற மாதிரி சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத்தான் ஓட்டுவாள். ஆஸ்பத்திரியில் ஃபெலிக்ஸைப் பார்த்தபோது அவன் முகம் முழுக்க வெள்ளைப் பொடி. அவன் பக்கத்துப் பை விரிந்திருந்தது. அவனுக்கு ஒரு கீறல்தான்.

வண்டியை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தால் சர்வேயர் வந்து பார்த்திருப்பார். அதிலும் மிச்சம் பிடித்து, அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் மட்டும் கொடுக்கிற இன்சூரன்ஸ்தான் எடுத்துக் கொடுத்திருந்தேன். அவள் அடக்கத்துக்கு வெங்கட் வந்து கல்லறைத்தோட்ட வாசலிலேயே நின்றான். நானே போய் அவன் கையைப் பிடித்து, நீ சின்னப் பையன், இதில் பேசி மாட்டிக்கொள்ளாதே என்று சொல்லி அனுப்பினேன். பிறகு ஷெட்டை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

மூன்று வருடம் ஆகிறது. ஃபெலிக்ஸ் அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. ஞாயிறுதோறும் என் பிரஷர் மாத்திரையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் வருவான். சாப்பிடுவான். பிறகு கேட்பான்.

"என் பக்கம் தெறந்துச்சேம்மா. அவ பக்கம் ஏன் தெறக்கல? நான் ஓட்டியிருந்தா அவ இந்தப் பக்கம் உக்காந்திருப்பால்ல?"

"அது ஆண்டவருக்குத்தான்பா தெரியும்," என்பேன்.

சாவியைக் கொடுத்த கையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். அப்புறம் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்வான். மற்ற நாளில் தூக்கமே வருவதில்லையாம், இங்கே மட்டும்தான் தூங்குகிறான்.

போகட்டும். பெற்ற மகள் உட்காரும் இடம் காலி என்று தெரிந்தே உட்கார வைத்தவள் நான். வேறு யாரும் இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன், இனி அந்த லைட்டை அணைக்கமாட்டீர்கள்.

ஃபெலிக்ஸிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். எனக்காகக் கேட்கவில்லை. உண்மை தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குத் தலை வைக்க ஒரு மடி இல்லாமல் போய்விடும். அவனை நினைத்துத்தான் பேசாமல் இருக்கிறேன், அவனுக்காக மட்டும்தான்.

காபி ஆறிப்போச்சே. சரி, எழுந்திருங்கள், இருட்டுவதற்குள் வீடு சேருங்கள். நல்ல வண்டியாக அமையட்டும். உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்புகிறவர்கள் எல்லாரும், போன வண்டியிலேயே, அவரவர் உட்கார்ந்து போன இடத்திலேயே உட்கார்ந்து, சிரித்துக்கொண்டு திரும்பி வரட்டும்.