சுருக்குக் கம்பியில் சின்னவள்

என் பெயர், விலாசம் முதல் தாளில் கண்டபடி சரி. வயது நாற்பத்தாறு. உயிரியல் பூங்காவில் விலங்குக் காப்பாளராக வேலை பார்க்கிறேன். இந்த வழக்கில் எதிரியான கோழிப்பண்ணைக்காரரைச் சம்பவத்தன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எங்கள் பிரிவில், அழிந்துவரும் காட்டுப்பூனைகளை இனப்பெருக்கம் செய்து காட்டில் விடுகிறோம். இறந்துபோன பெண் பூனை அங்கே பிறந்தது. தாய் பால் கொடுக்காததால், பூங்காவின் கால்நடை டாக்டரம்மா சொல்லி, என் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டிப்பால் கொடுத்தேன். பெயர் வைக்கக் கூடாது என்பது விதி. என் மனைவி கேட்டால்தானே? எங்களுக்கு ஒரே மகள் என்பதால் இதைச் சின்னவள் என்றே கூப்பிட்டாள். என் சட்டைக்குள் புகுந்துதான் அது தூங்கும்.

அதன் பிறகு, காட்டில் விடும் காலம் நெருங்கியபோது டாக்டரம்மா, "அண்ணே, மனுசங்களைக் கண்டா அது தலைதெறிக்க ஓடணும். இல்லேன்னா வெளிய பொழைக்காது. உங்களைத்தான் நம்புது, நீங்கதான் பழக்கணும்" என்றார். அதன் பிறகு கூண்டுக்குள் போகும்போதெல்லாம் தகரத்தைத் தட்டி, தண்ணீர் பீய்ச்சி விரட்டினேன். முதலில் விளையாட்டு என்று நினைத்து, நனைந்தபடியே வந்து காலில் உரசியது. மறுபடியும் பீய்ச்சினேன். "கல்நெஞ்சுக்காரரு நீங்க" என்று சொல்லி மனைவி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கடைசியில் என் காலடி கேட்டாலே மூலையில் பதுங்கியது. தேறிவிட்டது என்று டாக்டரம்மா கைகொடுத்தார். சந்தோஷப்பட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள் ஐயா. அதன் பிறகு, இருக்கும் இடம் தெரிய கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிக் காட்டில் விட்டோம்.

சம்பவத்தன்று காலை, அதன் கழுத்துப்பட்டையிலிருந்து வரும் சிக்னல் நகராமல் ஒரே இடத்தில் நின்றதால் தேடிப் போனேன். பண்ணை வேலியில் வைத்திருந்த சுருக்குக் கம்பி இடுப்பில் மாட்டி, உயிரோடு கிடந்தது. என்னைப் பார்த்ததும் துள்ளி இழுத்தது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகியது. பண்ணைக்காரர், "என்னய்யா வேடிக்கை பாக்குற? நீங்க வளத்ததுதானே, கிட்டப் போய் அவுத்து விடு" என்றார். நான் அவரையும் இழுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் மறைந்து, மயக்க ஊசியோடு வரச் சொல்லி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அவர் வந்து சேருவதற்குள் வேலி ஆடும் சத்தம் நின்றுவிட்டது.

அவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஏன் அவிழ்க்கவில்லை என்று தாங்கள் கேட்டதற்கு: என் முகம் தெரிந்தால் இன்னும் இழுக்கும். அப்படித்தானே பழக்கினேன்? பண்ணைக்காரரை நினைத்தால் வயிறு எரிகிறது. ஆனால் அது கடைசியாகப் பயந்தது என்னைப் பார்த்துத்தான்.

அதன் பிறகு கம்பியை வெட்டி மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். உடம்பில் சூடு இருந்தது. ஓடவில்லை. என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

நான் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ இதில் ஒன்றுமில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
விலங்குக் காப்பாளர்